அங்காரா ஆறும் மூன்று நாவல்களும்

எங்கப்பாவோட தகரப் பொட்டியில மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்கள் கிடந்தன. கார்க்கியின் ‘தாய்’ வழியாகத்தான் ருஷ்யா எனக்கு அறிமுகம். புருஷனிடம் அடிபட்டே வாழ்ந்தவள் போராட்டத்தில் கண் திறக்கிறாள். 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு சோசலிச யதார்த்தவாதத்தை அரசின் எழுத்துமுறையாக்கியது. ‘தாய்’ அதற்கு முன்மாதிரியானது. 1991இல் சோவியத் சரிந்ததே, அந்த எழுத்தும் கூடவே செத்துப்போச்சா? இல்லை. சைபீரியாவின் அங்காரா ஆறே அதற்குச் சாட்சி.

1976இல் வாலந்தீன் ரஸ்பூத்தின் ‘மத்யோராவிடம் விடைபெறல்’ எழுதினார். அணைக்காக மூழ்கப்போகும் தீவு. கொளுத்தப்போகிற வீட்டுக்குத் தார்யா கிழவி வெள்ளையடிக்கிறாள். ரஸ்பூத்தின் வளர்ந்த அத்தலான்காவும் பிராத்ஸ்க் அணையால் இடம்பெயர்ந்த ஊர்தான். அணை கட்டும் பெருமையைப் பாடிய சோவியத் நாவலுக்கு உள்ளிருந்தே எழுந்த மறுப்பு இது. ‘கிராமிய உரைநடை’ என்றார்கள்.

2015இல் ரோமான் சென்சின் ‘மூழ்கும் பகுதி’ நாவலை ரஸ்பூத்தினுக்கே படைத்தார். அதே ஆறு, இப்போது பகுச்சானி அணை. 1974இல் சோவியத் தொடங்கி, பாதியில் நின்றதை அரசும் அலுமினிய முதலாளியும் கூட்டுச் சேர்ந்து முடித்தார்கள்; 2012இல் மின்சாரம் வந்தது. தார்யா முன்னோர்களோடு பேசினாள். சென்சினின் சனங்கள் அதிகாரிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆட்சி மாறிச்சு, மூழ்குறவங்க மாறல.

அதே 2015இல் தத்தார் இனத்துக் குஸேல் யாகினாவின் ‘ஜுலைகா கண் திறக்கிறாள்’ வந்தது. 1930இல் குலாக் ஒழிப்பில் புருஷன் சுடப்பட, ஜுலைகா அங்காரா கரைக்கு நாடுகடத்தப்படுகிறாள். ‘தாய்’ போட்ட தடம் அப்படியே இருக்கிறது: அடிபட்டவள், உழைப்பு, விழிப்பு. ஆனால் வழிகாட்டக் கட்சி இல்லை. புருஷனைச் சுட்டவனே அவளுக்குக் காவல் அதிகாரி. ரஸ்பூத்தின் ஏங்கிய கிராமமும் இவளுக்குச் சொர்க்கமில்லை. அங்கே கிடைத்தது புருஷன் அடியும் மாமியார் ஏச்சுந்தான்.

அப்படியானால் நாடுகடத்தலே விடுதலை என்றாகிவிடாதா? தத்தார்களிடமிருந்தே கண்டனம் எழுந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் யாகினா பிணங்களை மறைக்கவில்லை: பூட்டிய படகோடு நூற்றுக்கணக்கானோர் அங்காராவில் மூழ்குவதை எழுதிவிட்டுத்தான் ஜுலைகாவைக் கரையேற்றுகிறார். கொன்ற அரசுக்கு அவள் எந்த நன்றிக்கடனும் படவில்லை.

எழுத்துமுறை அரசாங்கத்துச் சொத்தல்ல தோழர்களே. அரசு விழுந்த பிறகும் அது கிடக்கும். யார் கையில் எடுக்கிறார்கள், யாருக்காக எடுக்கிறார்கள் என்பதுதான் சேதி.