கூடப் பிடித்தவர்கள்

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் புதன்கிழமை காலையானால் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவிடுவான். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீக்கில் உள்ள 32 அணிகளில் இந்த வாரம் யார் மேலே, யார் கீழே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் யார் வெளுத்துக்கட்டினார்கள் என்று அதில் இருக்கும். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் விடாமல் படிப்பேன். நாற்பது வருஷம் தில்லியில் கபடிக்குக் கணக்கு எழுதியவன் நான். பட்டியல் எந்த ஆட்டத்துடையதாக இருந்தாலும் கண் தானாகப் போய்விடும்.

ஒரு தடவை அவன் 'சாக்' என்பதை விளக்கி எழுதினான். பந்தை எறிய நிற்கிற குவார்ட்டர்பேக்கை, அவர் கையிலிருந்து பந்து கிளம்புவதற்குள் கீழே சாய்ப்பது. நம் ஊர்ப் பிடி மாதிரிதான். அதை ஆள்வாரியாக அந்த லீக் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982-ல். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு ஆடிய டீக்கன் ஜோன்ஸ் அதற்கு முன்பே, 1974-ல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தச் சொல்லையே பழக்கத்தில் கொண்டுவந்தவர் என்று கொண்டாடப்படுகிற அவர் பேரில், அதிகாரபூர்வக் கணக்கில் ஒரு சாக்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காரணம் அந்த வருஷம். 1982.

அந்த வருஷம் நான் தில்லிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் எனக்கு. பொங்கலுக்கு ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பி, சுண்ணாம்பில் கோடு போட்டு, விடிய விடிய ஆடுவோம். நான் கவர் ஆள். பாடி வருகிறவரை முதலில் பாய்ந்து பிடிப்பது கார்னர்காரன் வேலை. அவன் காலைப் பிடித்த நொடியில் இடுப்பிலோ தோளிலோ மோதி நடுக்கோட்டுக்குப் போகவிடாமல் அடைப்பது என் வேலை. குமாஸ்தா உத்தியோகம் கிடைத்து ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, இங்கே இந்த விளையாட்டெல்லாம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். வந்த மூன்றாம் மாதமே அலுவலக அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அணியில் பாதிப்பேர் தில்லியின் மேற்கு ஓரத்து ஜாட் கிராமத்துப் பையன்கள். எருமைப்பால் குடித்து வளர்ந்த தோள்கள். பாஷை தெரியாமலே முதல் நாள் ஆட்டத்தில் அவர்களோடு கைகோத்து நின்றேன். எதிராளி வரும்போது கையை எப்போது இறுக்கினால் 'நீ போ', எப்போது தளர்த்தினால் 'பொறு' என்பது தஞ்சாவூரிலும் தில்லியிலும் ஒன்றுதான்.

1982 நவம்பர் 19-ல் ஆசிய விளையாட்டு தொடங்கியது. ஊரே பளபளவென்று இருந்தது. புது மேம்பாலங்கள், அப்பு யானை, வண்ணத் தொலைக்காட்சி. கபடியும் இருந்தது, ஆனால் செய்முறைக் காட்சியாக மட்டும். பதக்கம் கிடையாது. பதக்கம் இல்லையென்றால் பட்டியலிலும் இடம் கிடையாது. தினமும் காலையில் பேப்பரில் வருகிற பதக்கப் பட்டியலை எங்கள் செக்‌ஷனில் சத்தமாக வாசிப்பார்கள். கபடி அதில் வராதே என்று தெரிந்தும் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காட்சிப் பொருளாக நிற்பது கபடிக்குப் புதிதல்ல. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போதே அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல்காரர்கள் அங்கே போய் ஆடிக் காட்டினார்கள். 1950-ல் அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1952-ல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையில்தான் நடந்தது. பதக்கக் கணக்குக்குள் கபடி நுழைய 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கம் வாங்கிய அந்த அணியில் நம் ராஜரத்தினம் இருந்தார். அதற்கடுத்த ஹிரோஷிமா அணியில் ஆடிய காசிநாதன் பாஸ்கரனை, பிற்காலத்தில் பயிற்சியாளராக நாடே பார்த்தது.

ஆட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆட்டக்காரனுக்கு? இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

1986-ல் முழங்கால் போனபிறகு நான் கணக்கு மேசைக்கு வந்துவிட்டேன். அந்தக் காலத்து ஸ்கோர் தாளில் இரு அணிக்கும் எண்கள் வரிசையாக அச்சடித்திருக்கும். புள்ளி விழ விழ ஒவ்வொரு எண்ணாகச் சாய்கோடு இழுத்துக்கொண்டே போகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் கடைசிக் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அணியின் கணக்கு. எத்தனையோ நூறு தாள்கள் எழுதியிருக்கிறேன். அவற்றை இன்றைக்கு ஒருவர் எடுத்துப் பார்த்தால் எந்த அணி ஜெயித்தது என்று தெரியும். அந்த 28-வது சாய்கோட்டை யார் தன் தோள்பட்டையைக் கொடுத்து வாங்கினார் என்று தெரியாது. பாடுகிறவர்களில் சிறந்த ரைடர், பிடிக்கிறவர்களில் சிறந்த கேட்சர் என்று முடிவில் பரிசு உண்டு. நடுவர்கள் மரத்தடியில் கூடி ஐந்து நிமிஷம் பேசி முடிவு செய்வார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது பேச்சோடு சரி, தாளில் ஏறாது.

அப்படியானால் பெயர் எங்கே தங்கியது? ஊர்வாயில். இதை எனக்குக் காட்டியது நிஜாம்பூர்.

தில்லியின் மேற்கு எல்லையில், ஹரியானாவை ஒட்டி இருக்கிற கிராமம் அது. கபடிக்காரர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம். மூன்று ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்று, 2014-ல் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய ராகேஷ் குமார் அந்த மண். பிறந்த வருஷம் 1982. மல்யுத்தத்தில் தொடங்கி கபடிக்கு வந்த மஞ்சித் சில்லரும் அதே ஊர். தொண்ணூறுகளில் நான் அங்கே போட்டிக்குக் கணக்கு எழுதப் போனபோது, ஹூக்கா பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு தாவூ, அதாவது ஊர்ப் பெரியவர், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பிடியை எனக்குச் சொன்னார். யார் பாடி வந்தான், எந்தக் கால் முன்னால் இருந்தது, கார்னரில் யார், அவன் தவறவிட்டபோது பின்னாலிருந்து பாய்ந்தவன் யார், அவனுக்குக் கை கொடுத்தவன் யார். எல்லோர் பெயரும் வரிசையாக வந்தது. அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை. என் தாளில் எது இருக்கிறதோ அது அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது என் தாளில் இல்லை.

2014 ஜூலை 26-ல் புரோ கபடி லீக் தொடங்கியது. எட்டு அணிகள், அதில் ஒன்று தபாங் தில்லி. அந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை போனவர் நிஜாம்பூர் ராகேஷ்தான். 12.80 லட்சத்துக்கு பட்னா எடுத்தது. என் கண் போனது விலைமேல் அல்ல, டி.வி. திரையின் மூலைமேல். ஆட்டக்காரன் பெயர், அவன் பெயருக்கு நேரே புள்ளி. ரைடு புள்ளி தனி, டேக்கிள் புள்ளி தனி. ஓர் ஆட்டத்தில் பத்து ரைடு புள்ளி எடுத்தால் சூப்பர் 10, ஐந்து டேக்கிள் புள்ளி எடுத்தால் ஹை 5. முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன் என்று சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் சாட்சி சொல்வார்கள்.

அந்தப் பட்டியல் பெரிய காரியங்கள் செய்தது. பவானா, தில்லியின் வடமேற்குக் கோடி. அங்கே பிறந்த பவன் ஷெராவத், 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரைடு புள்ளி எடுத்தார். அந்த சீசனில் மொத்தம் 346. அதே சீசனில் தில்லி அணியின் நவீன் குமார், பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, ஓர் ஆட்டம் விடாமல் தொடர்ச்சியாக 21 சூப்பர் 10 எடுத்தான். மொத்தம் 301 ரைடு புள்ளி. தில்லி தியாகராஜ் அரங்கில் அவன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுக் கிளம்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன்கள் புள்ளிகளை வாயால் எண்ணினார்கள். 'தியாகராஜ்' என்று அரங்குக்குப் பெயர் இருப்பதே தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரு தித்திப்பு, அது கிடக்கட்டும். சாய்கோடு மட்டும் இழுத்துப் பழகிய எனக்கு, ஒரு பிள்ளையின் எண்ணை நூறு பேர் மனப்பாடமாகச் சொல்லிக் கேட்டது பெரிய நிறைவு.

ஆனால் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கையில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ரைடர் தனியாகப் போகிறான். முப்பது விநாடி, எதிரே ஏழு பேர். அவன் எடுக்கிற புள்ளி அவனுடையதுதான், அதில் கேள்வியே இல்லை. பிடி அப்படியல்ல. கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறான். பக்கத்து 'இன்' ஆள் தொடையில் விழுகிறான். கவர் வந்து மோதி 'டேஷ்' கொடுக்கிறான். மூன்று பேர், நான்கு பேர் மேலே விழுந்து அந்த ஒருவனை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்துகிறார்கள். புள்ளி ஒருவன் பெயரில் ஏறுகிறது. ஒரு சீசனில் 100 டேக்கிள் புள்ளியை முதலில் தொட்டவர் நிதேஷ் குமார், 2018 சீசனில். ரைடர்களின் 346-க்குப் பக்கத்தில் அந்த 100-ஐ வைத்துப் பார்த்து, பிடிகாரன் மூன்றில் ஒரு பங்குதான் உழைக்கிறான் என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. அமெரிக்க லீக்கிலும் சாக்கை எழுதுகிறார்கள், சாதாரண டேக்கிள் இன்றுவரை அதிகாரபூர்வக் கணக்கில் கிடையாது என்று அக்கா மகன் சொன்னான். அங்கேயும் பிடிக்கிறவன் கணக்கு பாக்கிதான்.

2022 பிப்ரவரி 25, பெங்களூருவில் புரோ கபடி இறுதி ஆட்டம். கொரோனாக் காலம், பார்வையாளர் இல்லாத அரங்கம். தில்லி 37, பட்னா 36. மறுநாள் எல்லோரும் விஜய் மாலிக்கின் 14 புள்ளியையும் நவீனின் 13 புள்ளியையும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு புள்ளியில் ஜெயித்த அணியின் பின்வரிசையைப் பாருங்கள். கேப்டன் ஜோகிந்தர் நர்வால், நிஜாம்பூர் மஞ்சித், நம் தமிழ்நாட்டு ஜீவா குமார். 'கிழவர் படை' என்று அந்த சீசன் முழுக்கச் சொன்னார்கள். நாற்பதைத் தாண்டிய ஜீவா, எதிரே இருபது வயதுப் பிள்ளை துள்ளி வரும்போது, பாயாமல் நின்று, அவன் திரும்புகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். கவர் ஆளின் கலை முழுக்க அந்த நிற்பதில் இருக்கிறது. அவர் அடைத்ததால் ரைடர் மறுபக்கம் திரும்புவார், அங்கே இன்னொருவர் பிடிப்பார், புள்ளி அவருக்குப் போகும். ஜீவாவின் பெயருக்கு நேரே எதுவும் மாறாது.

அடுத்த சீசனில் இன்னொரு பாடம் கிடைத்தது. பவனைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், சீசன் முழுக்க அவர் இல்லை. கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். அந்த அணிதான் அதுவரை இல்லாத வகையில் அரையிறுதிக்குப் போனது.

ஜோகிந்தர் பயிற்சியாளராகத் திரும்பிவந்து, 2025 அக்டோபர் 31-ல் இதே தியாகராஜ் அரங்கில் தில்லி இரண்டாம் தடவை கோப்பையை எடுத்தது. புனேயை 31–28 என்று வென்றார்கள். அந்தப் பின்வரிசையில் ஈரானிலிருந்து வந்த ஃபாஸல் அத்ராசலி நின்றார். லீக்கில் டேக்கிள் புள்ளிக் கணக்கில் மஞ்சித்தைத் தாண்டிச் சென்ற மனிதர். அவர் கைநீட்டி ஆட்களை நிறுத்துகிற விதத்தைப் பார்க்க என் பேரனையும் கூட்டிப்போயிருந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் துவாரகா பக்கம் நடக்கிற சின்னப் போட்டிகளுக்கு இன்னும் கணக்கு எழுதப் போகிறேன். ஐந்து வருஷமாக, அச்சடித்த தாளுக்குக் கீழே என் கையால் ஒரு கட்டம் போட்டு வருகிறேன். தலைப்பு 'சாத்', கூட என்று அர்த்தம். பிடி விழுந்ததும் புள்ளி யாருக்கென்று நடுவர் கை காட்டுவார். அது மேலே ஏறும். கூட விழுந்தவர்களின் சட்டை எண்களை நான் கீழே எழுதுவேன். அதற்கு மார்க் கிடையாது, பரிசு கிடையாது. முதல் வருஷம் போட்டி நடத்துகிறவர் இது எதற்கு என்று கேட்டார். "எழுதி வைக்கிறேன், ஜீ, அவ்வளவுதான்" என்றேன். விட்டுவிட்டார்.

போன மாசி மாதம் ஒரு பையன், பதினாறு வயதிருக்கும், கவர் ஆள், ஆட்டம் முடிந்து மண் ஒட்டிய முழங்கையோடு மேசைக்கு வந்தான். மேலே அவன் பெயருக்கு நேரே சைபர். கீழே கட்டத்தில் அவன் 4-ஆம் நம்பர் ஒன்பது தடவை இருந்தது. "தாவூ, இது நான்தானே?" என்று விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு செல்போனை எடுத்து அந்தக் கட்டத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டான்.