நெம்புகோல் துப்பாக்கியும் தொலைகாட்டியும்

ஒரு கருவியை ஆக்கும்போது அதன் வருங்காலத் தேவைகள் யாவற்றையும் முன்னறிந்து அமைத்துவிட எந்தக் கம்மியனாலும் இயலாது. தன் காலத்தின் தேவையை மனத்திற் கொண்டே அவன் இரும்பைக் கடைகின்றான். ஆயினும், அவன் வைத்த ஒரு துளையும் விட்ட ஒரு வழியும் பேரன் காலத்திலே வரமாகவோ தடையாகவோ வந்து நிற்பதுண்டு. அமெரிக்க நாட்டின் நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அத்துப்பாக்கிக்கு எத்தகைய தொலைகாட்டி பொருந்தும் என்று இன்று கேட்கும் வேட்டைக்காரனுக்குரிய விடையின் பெரும்பகுதி, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொழிற்சாலைகளில் எழுதப்பட்டுவிட்டது.

நெம்புகோல் துப்பாக்கி என்பது யாது? விசைக்குப் பின்னே, கைவிரல்கள் நுழையும் வளையம் ஒன்று உண்டு. அதனைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே எறியப்படும். மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலினுள் ஏறும். 1860ஆம் ஆண்டில் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் உரிமம் பெற்ற துப்பாக்கி பதினாறு தோட்டாக்களைத் தாங்கியது. ஒருமுறை சுட்டபின் மருந்து கெட்டித்துக் காத்திருந்த மக்களுக்கு இது பெருவியப்பாய் இருந்தது. சட்டை தைத்து விற்றுப் பொருளீட்டிய ஒலிவர் வின்செஸ்டர் என்னும் வணிகர் இத்தொழிலிற் பணமிட்டு, 1866, 1873ஆம் ஆண்டுகளில் தம் பெயராலேயே துப்பாக்கிகளை வெளியிட்டார். பின்னர், ஜோன் பிரவுணிங் என்னும் மேதை வகுத்துக் கொடுத்த 1894ஆம் ஆண்டு மாதிரி தோன்றியது. அடுத்த ஆண்டிலே அதற்கெனப் புகையற்ற மருந்தையுடைய முப்பது-முப்பது என்னும் தோட்டாவும் வந்தது. எடை குறைந்ததாய், தட்டையாய், குதிரைச் சேணத்தின் பக்கத்திலே செருகிக்கொள்ள ஏற்றதாய் அமைந்த இத்துப்பாக்கி எழுபது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

இம்மாதிரியிலே வெறுங்கூடு துப்பாக்கியின் மேற்புறத்தால் வெளியேறும். பிரவுணிங் காலத்தில் அது குற்றமன்று. குழலின் நுனியிலே ஒரு குறிமுனை, பின்னே ஒரு பார்வை வெட்டு, இரண்டையும் இணைத்துப் பார்க்கக் கூரிய இளங்கண் ஆகியவையே வேட்டைக்காரன் வேண்டியவை. மேற்புறம் திறந்திருப்பதால் அவனுக்கு இடையூறு ஒன்றும் நேரவில்லை.

ஆனால் போட்டியாளரான மார்லின் நிறுவனத்தார் வேறு வழியிற் சென்றனர். எல். எல். ஹெப்பேர்ண் என்பவர் வகுத்த 1889ஆம் ஆண்டு மார்லின் மாதிரியில் மேற்புறம் முற்றாக மூடப்பட்டு, கூடு வலப்பக்கத்தால் வெளியேறியது. மழைநீரும் தூசியும் உட்புகாமலும், சுடுபவன் முகத்துக்கு நேரே கூடு தெறிக்காமலும் காப்பதே அவ்வமைப்பின் பயன். 1899ஆம் ஆண்டின் சவேஜ் மாதிரியோ இன்னும் ஒருபடி சென்றது. ஜமெய்க்காவிலே பிறந்த ஆதர் சவேஜ், குழலின் கீழே நீண்ட குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்காமல், சுழலும் கூடு ஒன்றினுள்ளே அவற்றை வைத்தார். குழாயில் அடுக்கும்போது ஒரு சன்னத்தின் முனை, அதற்கு முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டும் அடிப்பகுதியைத் தொட்டு நிற்கும். முனை கூராயின் பின்னுதைப்பின் அதிர்ச்சியால் அது வெடிக்கவும் கூடும். எனவே குழாய்த் துப்பாக்கிகளுக்கு மொட்டைமுனைச் சன்னங்களே விதியாயின. சவேஜின் சுழற்கூட்டிலே கூர்முனைச் சன்னத்தையும் அச்சமின்றி இடலாம்.

இனித் தொலைகாட்டியின் கதைக்கு வருவோம். 1855ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மல்கம் என்பவர் துப்பாக்கிக்குரிய தொலைகாட்டிகளைச் செய்யத் தொடங்கினார். அவை குழலின் நீளத்துக்கு நீண்ட ஒல்லியான பித்தளை, இரும்புக் குழாய்கள். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே குறிபார்த்துச் சுடும் வீரர் சிலர் இத்தகைய தொலைகாட்டிகளைக் கையாண்டனர். ஆயினும் அவற்றின் பார்வைப்பரப்பு குறுகியது; விலையும் மிகுதி. சாதாரண வேட்டைக்காரனுக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன.

அந்நிலையை மாற்றியவர் வில்லியம் வீவர். 1930ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட 330 என்னும் சிறு தொலைகாட்டியின் விலை பத்தொன்பது டொலர். முக்கால் அங்குலக் குழாய். ஏறக்குறைய மூன்று மடங்கு உருப்பெருக்கம். தொழிலாளியும் பண்ணையாளும் சேமித்து வாங்கத்தக்க பொருளாக அது அமைந்தது. 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மக்குலா வில்லைகளின்மேல் மெல்லிய பூச்சிட்டு ஒளியிழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். 1947இல் ஒரேகன் மாநிலத்தின் லியூபோல்ட் நிறுவனம், குழாயினுள்ளே நைதரசன் வாயுவை அடைத்து, ஈரப்பனி படியாத தொலைகாட்டியை வெளியிட்டது. மழையிலே வேட்டையாடிய அந்நிறுவனத்தாருள் ஒருவர், வில்லையில் நீராவி படிந்தமையால் மானைத் தவறவிட்டதே அம்முயற்சிக்குத் தூண்டுகோல் என்பர்.

இவ்வாறு தொலைகாட்டி மலிந்த காலத்திலேதான் பழைய துப்பாக்கிகளின் வேறுபாடு வெளிப்பட்டது. மார்லினும் சவேஜும் மூடிய மேற்புறத்தை உடையனவாதலின், திருகாணித் துளையிட்டு, குழலுக்கு நேர்மேலே தாழ்வாகத் தொலைகாட்டியைப் பொருத்த இடந்தந்தன. மழைக்கு இட்ட கூரை கண்ணாடிக்குப் பீடமாயிற்று. வின்செஸ்டரிலோ தொலைகாட்டியை நடுவில் வைத்தால் மேலெழும் கூடு அதன்மேல் மோதும். ஆகவே இடப்பக்கத்திலே ஒதுக்கி வைத்தனர். அதனாற் கன்னம் துப்பாக்கிக் கட்டையிற் படியாது. பார்வைக் கோடும் சன்னத்தின் வழியும் ஒன்றின்மேல் ஒன்று அமையா. ஓரங்குலம் ஒதுங்கிய தொலைகாட்டியை நூறு யார் தூரத்துக்குச் சரிசெய்தால், இருநூறு யாரிலே சன்னம் மறுபக்கத்தில் ஓரங்குலம் விலகிநிற்கும். 1980களின் தொடக்கத்திலேதான் வின்செஸ்டர் கூடு சாய்வாக வெளியேறுமாறு திருத்தப்பட்டது. துப்பாக்கிக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயதான பின்னரே அத்திருத்தம் வந்தது.

இடம் கிடைத்தபின் எழும் வினா, எத்தனை மடங்கு உருப்பெருக்கம் வேண்டும் என்பதாகும். பெரிதாகத் தெரிவதே நல்லது என்று நினைப்பது மக்கள் இயல்பு. ஆனால் விரலுக்குத் தக்க வீக்கமே அழகு. முப்பது-முப்பதின் சன்னம் விநாடிக்கு ஏறக்குறைய 2,200 அடி வேகத்திற் செல்வது. நூறு யாருக்குச் சரிசெய்த துப்பாக்கியில், இருநூறு யாரை அடையும்போது அது ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். எனவே நூற்றைம்பது யார், மிஞ்சினால் இருநூறு யார் என்பதே அதன் எல்லை. வெண்வால் மான் வாழும் கிழக்கு மாநிலக் காடுகளிலோ ஐம்பது யாருக்கு அப்பால் மரங்களே மறைக்கும். இரண்டரை மடங்குத் தொலைகாட்டி நூறு யார் தூரத்தில் ஏறக்குறைய 40 அடி அகலத்தைக் காட்டும். ஒன்பது மடங்குக் கண்ணாடி 13 அடியளவே காட்டும். புதரிலிருந்து பாயும் மானைப் பதின்மூன்றடிச் சாளரத்தினுள்ளே தேடுபவன், மரப்பட்டையை மட்டுமே பெரிதாகக் கண்டு நிற்பான். ஒன்று முதல் நான்கு, அல்லது இரண்டு முதல் ஏழு மடங்குக்குள் அமைந்த சிறிய தொலைகாட்டியே இவ்வகைத் துப்பாக்கிக்குப் போதுமானது.

இன்னும் இரண்டு கவனிப்புகள் உள. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே மூன்றரை அங்குலமேனும் வெளி இருத்தல் வேண்டும். இன்றேல் பின்னுதைப்பிலே தொலைகாட்டியின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். அடுத்தது சுத்தியல். தாழப் பொருத்திய தொலைகாட்டி சுத்தியலை மறைக்க, குளிரில் விறைத்த பெருவிரல் நழுவினால் எண்ணாத வெடி தீர்ந்துவிடும். ஆதலாற் சுத்தியலின் பக்கத்திலே சிறு நீட்சி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். சில காசுகளே பெறும் அத்துண்டு ஓர் உயிரின் விலை பெறும். இவ்விடர்களைத் தவிர்க்க, 1980களில் ஜெவ் கூப்பர் என்பவர் பரப்பிய முறையைப் பின்பற்றித் தொலைகாட்டியைக் குழலின்மேல் முன்தள்ளி வைப்பாரும் உளர். அதற்குத் தொலைவிலிருந்தே பார்க்கத்தக்க தனிவகை வில்லை வேண்டும்.

2005ஆம் ஆண்டளவில் ஹோர்ணடி நிறுவனம் நெகிழும் முனையுள்ள கூர்ச்சன்னத்தை ஆக்கி, குழாய்த் துப்பாக்கியின் பழைய விதியைத் தளர்த்தியது. எட்டும் தூரம் சற்று நீண்டது. எனினும் காட்டின் இயல்பு மாறவில்லை. குறி தவறிக் காயமுற்ற விலங்கின் வேதனையும் மாறவில்லை. இரவெல்லாம் குருதி சிந்திப் புதரிலே கிடந்து மடியும் மானுக்கு, தன்னைச் சுட்டவன் விலையுயர்ந்த கண்ணாடி வைத்திருந்தான் என்பதால் ஆவது ஒன்றுமில்லை. தொலைகாட்டி கையை உறுதியாக்குவதில்லை. எட்டாத தூரத்தை எட்டவைப்பதுமில்லை. ஐயுறும் உருவத்தை நோக்கத் தொலைகாட்டியையே திருப்புதலும் பெரும்பிழை. பார்வை செல்லும் இடத்துக்கே குழலின் வாயும் திரும்புகின்றது. அங்கு நிற்பது மானா, சக மனிதனா என்பதை வெறுங்கண்ணாலோ கைத்தொலைகாட்டியாலோ தெளிந்தபின்னரே துப்பாக்கி தோளுக்கு ஏறவேண்டும்.

ஹெப்பேர்ண் மழையை நினைத்தார். பிரவுணிங் எடையை நினைத்தார். வீவர் ஏழையின் பணப்பையை நினைத்தார். தத்தம் காலத்தின் தேவையை உண்மையாக நினைத்தவர்களின் உழைப்பே அடுத்த தலைமுறையின் கையிற் கருவியாக வந்து சேர்கின்றது. அக்கருவியின் எல்லையை அறிந்து, அவ்வெல்லைக்குள்ளே நின்று, சுடத்தகாத வேளையிலே விசையினின்று விரலை எடுக்கத் தெரிந்தவனே அதனை ஆளத் தகுந்தவன்.