துன்ப வேளையில் தோள் கொடுப்போம்



நம் கடலூர், சிதம்பரம் பகுதி மக்களுக்குத் துன்பம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் அருகே எம்.ஜி.ஆர். திட்டு வரை, மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரி, பலா தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2015-லும் 2024-லும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது.

முதல் வாரத்தில் உதவிகள் குவிகின்றன. அரிசியும் துணியும் வருகின்றன. ஆனால் விழுந்த முந்திரிக்குப் பதில் நட்ட கன்று பலன் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பத்தின் வட்டிக் கடனை யார் நினைக்கிறார்கள்? நம் விசுவாசம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

தொடக்கத் திருச்சபையின் வழி

கிளவுதியு பேரரசர் காலத்துப் பஞ்சத்தைப் பற்றி இறைவாக்கினர் அகபு முன்னறிவித்தார். உடனே அந்தியோக்கியா சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பொருள் திரட்டி, பர்னபா, சவுல் வழியாக யூதேயாவில் வாழ்ந்த சகோதரர்களுக்கு அனுப்பினர் (திப 11:27-30). பிறகு தூய பவுல் கொரிந்து மக்களிடம், வாரத்தின் முதல் நாள்தோறும் ஒரு தொகையை எடுத்துவைக்கச் சொன்னார் (1 கொரி 16:1-2). வறுமையில் வாடிய மாசிதோனியத் திருச்சபைகளே தாராளமாகக் கொடுத்தன (2 கொரி 8:1-4). அந்தப் பணத்தைப் பற்றி எவரும் குறைகூற இடமில்லாதபடி அவர் உடன் ஆள்களையும் அனுப்பினார் (2 கொரி 8:18-21). தவறாமல் சேர்த்தல், இயன்றதைக் கொடுத்தல், கணக்கில் நேர்மை ஆகிய மூன்றும் இன்றைய பங்குகளுக்கும் பொருந்தும்.

எது யாருடைய சுமை?

கலாத்தியர் மடலில் பவுல், ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்க வேண்டும் என்கிறார் (6:2). மூன்று வசனங்கள் தள்ளி, அவரவர் சுமையை அவரவரே தாங்க வேண்டும் என்கிறார் (6:5). முரண்பாடா? இல்லை. கிரேக்க மூலத்தில் இவை இரு வேறு சொற்கள். முதலாவது ஒருவரை நசுக்கும் பாரம். இரண்டாவது ஒவ்வொருவரும் தூக்கிச் செல்ல வேண்டிய தம் மூட்டை. நசுக்கும் பாரத்தைச் சேர்ந்து தூக்குவோம். ஆனால் உழைத்து நிமிர விரும்புபவரைக் கையேந்துபவராக ஆக்கிவிட வேண்டாம்.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை

• கடனில் மூழ்கியவர் வெட்கத்தால் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவர் கேட்கும்வரை காத்திராமல், அன்பியத்தார் இருவராகச் சென்று சந்திக்கலாம். 1833-இல் பாரிஸில் முத்திப்பேறு பெற்ற பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பணியும் இத்தகைய இல்லச் சந்திப்புதான்.

• சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். துணைக்கு வருபவருக்கு ஒரு வேளைச் சோறும், இரவில் மாற்றி இருக்க ஓர் ஆளும் பெரிய உதவி. முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரை நினைப்போம் (மாற் 2:1-12).

• துக்க வீட்டில் அறிவுரை வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாக அவருடன் அமர்ந்திருந்தவரை ஆறுதலாக இருந்தார்கள் (யோபு 2:11-13). பேசத் தொடங்கியபின் காயப்படுத்தினார்கள். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று அவசரப்பட்டுச் சொல்வதைவிட, பதினாறாம் நாளுக்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போவது மேல்.

• நோயுற்றவர் பற்றிப் பங்குத்தந்தைக்கு உடனே தெரிவிப்போம். நோயில்பூசுதல் கடைசி மூச்சுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல (யாக் 5:14-15).

நம்மவருக்கு மட்டுமா?

எல்லாருக்கும் நன்மை செய்யவும், சிறப்பாக விசுவாசக் குடும்பத்தாரைக் கவனிக்கவும் பவுல் சொல்கிறார் (கலா 6:10). சிறப்பாக என்றால் மட்டும் என்று பொருளல்ல. ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை இஸ்லாமிய ஜமாத்தினர் அண்டை மீனவ கிராம மக்களுக்கு உணவு சமைத்து வழங்கினார்கள். நாமும் சொந்த வீட்டில் அன்பைப் பழகி, அதை அடுத்த வீட்டுக்கும் கொண்டு செல்வோம்.

இந்த வாரம் நம் அன்பியத்தில் கேட்டுப் பார்ப்போம்: கடந்த சில மாதங்களாக ஆலயத்தில் நாம் காணாத முகம் எது? அந்த வீட்டுக்கு யார் போவது, என்றைக்கு? இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!