டாக்டர் என்ன எழுதினார்? போலீஸ்காரர் தன் மனநல அறிக்கையை வாங்க வழி இருக்கு

ஓசூர்:
ராத்திரி முழுக்க ஜூஜூவாடி எல்லையில் வண்டி சோதனை. விடிஞ்சதும் பந்தோபஸ்து. இப்படி ஓடும் போலீஸ்காரர் ஒரு நாள் மேலதிகாரியிடம் சத்தம் போட்டு விட்டால், ‘மனநல டாக்டரிடம் காட்டுங்க’ என்று மெமோ வரலாம். டாக்டர் எழுதும் அறிக்கை கவரில் ஒட்டி ஆபீசுக்கு போய்விடும். துப்பாக்கி கையில் கொடுப்பதா வேண்டாமா என்பது கூட அதை வைத்துத்தான். கேட்டால் ‘ரகசியம்’ என்று பதில்.

ஊருக்குத்தான் அது ரகசியம். சம்பந்தப்பட்டவருக்கே எப்படி ரகசியம் ஆகும்?

காகிதம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரியில், இன்னொன்று ஆபீஸ் பைலில்.

சிகிச்சை எடுத்தவர் என்றால் ஆஸ்பத்திரியில் கேட்கலாம். 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநல பராமரிப்பு சட்டத்தின் (2017) 25-வது பிரிவு அந்த உரிமையை தருகிறது. படித்தால் அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று டாக்டர் நினைத்தால் அந்த பகுதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம். ஆனால் மனநல மறு ஆய்வு வாரியத்துக்கு போகலாம் என்பதையும் அவரே சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை இல்லை, வெறும் தகுதி பரிசோதனைதான் என்றால் தகவல் உரிமை சட்டம் (2005). எஸ்.பி. ஆபீஸ் பொது தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘ஏன் அப்படி எழுதினீங்க’ என்று சண்டைக்கு போகக்கூடாது. மெமோ எண், பரிசோதனை தேதி போட்டு ‘என் அறிக்கையின் நகல்’ என்று மட்டும் கேட்கணும்.

30 நாளில் பதில் வரணும். ‘தனிப்பட்ட தகவல், தர முடியாது’ என்று திருப்பி அனுப்பினால் பயப்பட வேண்டாம். அந்த விதி அடுத்தவர் தகவலை காப்பாற்றத்தான். புகார் சொன்னவர் பெயர் மாதிரி வரிகள் இருந்தால், 10-வது பிரிவுப்படி அதை மறைத்துவிட்டு மீதியை தரலாம். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் அப்பீல். அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையம்.

வருடாந்திர ரகசிய அறிக்கையில் நல்லதோ கெட்டதோ, எழுதியதை ஊழியருக்கு சொல்லணும் என்று தேவ் தத் வழக்கில் 2008-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லி இருக்கிறது. அது மனநல அறிக்கை பற்றியது இல்லை. ஆனாலும் அப்பீலில் எடுத்துக்காட்ட உதவும்.

எல்லை தாண்டினால் ஒரு வில்லங்கம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியோடு சேர்ந்துதான் தமிழக போலீஸ் 2018-ல் காவலர் நிறைவாழ்வு பயிற்சியை தொடங்கியது. அங்கே பார்த்த அறிக்கை வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியில் கேட்டு பிரயோஜனம் இல்லாமல் போகலாம். அது மத்திய அரசு நிறுவனம். மனு அங்கேயே போகணும். கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் அங்கே செல்லாது, 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் எடுத்து இணைக்கணும்.