இறங்கும் இடம்

எண்பதுகளின் இறுதியில் ரெங்கத்தில் கூடைப்பந்து ஆடிய தமிழ்ப் பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஸ்டேட்டில் எங்களுக்கு விளையாட்டு என்றால் காற்பந்தும் சடுகுடுவும்தான். சிமெண்ட் தரையும் இரண்டு வளையங்களும் பட்டணத்துச் சீனர்களிடம் இருந்தன. நானும் பக்கத்து லயத்து நண்பனும் சாயங்காலம் சைக்கிள் மிதித்துப் போய் ஓரமாக நிற்போம். ஆள் குறைந்தால் "லாய், லாய்" என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கிவிடுவோம்.

அவன் நன்றாக எறிவான். ஒருநாள் நான் எதிரணி. அவன் துள்ளி எறிந்தபோது தடுக்க ஓடினேன். பந்து கைக்கு எட்டவில்லை, ஆனால் என் கால் ஓடிவந்த வேகத்தில் அவனுக்குக் கீழே போய் நின்றது. அவன் என் சப்பாத்தின் மேல் இறங்கினான். கணுக்கால் உட்பக்கமாக மடங்கியது. சின்சே எண்ணெய் போட்டு உருவி, பச்சிலை வைத்துக் கட்டினார். "பாத்து எறங்கக் கூடாதாடா?" என்று அவன் அம்மா அவனைத்தான் திட்டினார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரமே வெறுங்காலோடு மேட்டுக்காட்டில் அப்பாவுக்கு உதவியாகப் பால்மரம் சீவப் போனான். அதே கால் மறுபடியும் மடங்கியது. அதன்பிறகு அவன் திடலுக்கு வரவில்லை.

சுளுக்கு என்பது விதி, அல்லது மலிவான சப்பாத்து என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் காலுக்கு வேறொரு கணக்கு இருப்பது தெரிந்தது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியதே அடிபடாமல் ஆடுவதற்காகத்தான். பந்தோடு ஓடக்கூடாது, இடிக்க, பிடிக்க, தள்ள, தடுக்கிவிடக் கூடாது. கூடையைத் தலைக்கு மேலே வைத்ததும், பலத்தால் அடிக்காமல் வளைத்து எறியட்டும் என்றுதான். ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் இரு கால்களையும் தரையில் ஊன்றி இரு கைகளாலும் எறிந்தார்கள். இறங்கும் இடம் என்ற பிரச்சினையே அப்போது பெரிதாக எழவில்லை.

அந்த ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே ஆட்டம் ஆசியாவுக்கு வந்தது. 1890களிலேயே சீனாவின் தியான்ஜினுக்குப் போய்விட்டது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்; அங்கே பயின்ற ஆசிரியர்கள் பல விளையாட்டுகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பால்மரக் காட்டுக்கு ஆள் எடுத்த கங்காணி யாரும் உடற்கல்வி ஆசிரியரைக் கூட்டிவரவில்லை. மலாயாவில் கூடைப்பந்து சீனப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் வளர்ந்தது. அவசரகாலத்தில், 1950 ஜூனில் ஜொகூரில் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றியது. பல புதுக்கிராமங்களில் பள்ளி, சமூக மண்டபத்தோடு கூடைப்பந்துத் திடலும் வந்தது. தோட்டத்து லயங்களையும் அப்போது கம்பிவேலி சுற்றியது. திடல் மட்டும் வரவில்லை. எங்கள் தலைமுறை ஓரமாக நின்று ஆட்டம் கற்றதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதற்கிடையில் ஆட்டமே தரையை விட்டு எழும்பியிருந்தது. 1936 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில், ஓடிக்கொண்டே ஒரு கையால் எறிந்த ஹாங்க் லூயிசெட்டியின் ஸ்டான்ஃபோர்ட் அணி, தொடர்ந்து 43 ஆட்டங்களை வென்றிருந்த லாங் ஐலண்ட் அணியைத் தோற்கடித்தது. அதற்கு முன்பே, 1934இல், வயோமிங் மாநிலப் பண்ணை ஒன்றில் கென்னி செய்லர்ஸ் என்ற சிறுவன் தன்னைவிட மிக உயரமான அண்ணனைத் தாண்டி எறிய வழி தெரியாமல் நேராக மேலே குதித்து எறிந்துபார்த்தான். ஜம்ப் ஷாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

குதித்தவன் இறங்கியாக வேண்டும். கண் வளையத்தில் இருக்கும்; கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. அதனால்தான் அனைத்துலக விதிநூல் தெளிவாகச் சொல்கிறது: ஓரிடத்திலிருந்து எழும்பியவருக்கு அதே இடத்தில் இறங்க உரிமை உண்டு, எழும்பிய பிறகு அவர் பாதையில் எதிராளி நுழையக் கூடாது. ஆக, அந்தச் சிறு துண்டு சிமெண்ட் சில நொடிகளுக்கு எறிபவனுக்குச் சொந்தம். "பாத்து எறங்கு" என்பது அவனிடம் சொல்ல வேண்டிய பேச்சே இல்லை.

விதி இருந்தும் உலகம் இதைக் கவனிக்க 2017 மே 14 வரவேண்டியிருந்தது. சான் அன்டோனியோவின் கவாய் லெனர்ட் எறிந்துவிட்டு இறங்கியபோது, கோல்டன் ஸ்டேட்டின் ஜாஜா பச்சூலியா நீட்டிய கால் கீழே இருந்தது. அப்போது சான் அன்டோனியோ 23 புள்ளி முன்னிலை. லெனர்ட் வெளியேறினார், அணி 111-113 எனத் தோற்றது. தொடரில் மீதமிருந்த ஆட்டங்களில் அவர் ஆடவேயில்லை. அடுத்த பருவத்திலிருந்து என்.பி.ஏ. நடுவர்கள் இத்தகைய நெருக்கத்தைக் காணொளியில் பார்த்துக் கடுந்தவறாக உயர்த்தலாம் என்று ஆனது.

சப்பாத்து விஷயத்திலும் நான் நினைத்தது சரியில்லை. கணுக்காலை மூடும் உயரச் சப்பாத்து காப்பாற்றும் என்பது பழைய நம்பிக்கை. 1993இல் அமெரிக்காவில் 622 ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், சப்பாத்தின் உயரத்துக்கும் சுளுக்குக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. 2001இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், கணுக்கால் காயங்களில் கிட்டத்தட்ட பாதி, 45 விழுக்காடு, இறங்கும்போது ஏற்பட்டவை. ஏற்கனவே சுளுக்கியவருக்கு மறுபடி சுளுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. என் நண்பனின் மூன்றாம் வாரம் இதைப் படித்தபோதுதான் புரிந்தது. 2006இல் 765 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சி சுளுக்கை 38 விழுக்காடு குறைத்தது. கயிறு கட்டும் கணுக்கால் உறையும் உதவுகிறது. ஆக, எறிபவன் செய்யக்கூடியது உண்டு: சமநிலைப் பயிற்சி, இரு காலிலும் முழங்கால் மடக்கி இறங்குவது, பழைய காயத்தை முழுதாக ஆறவிடுவது. மீதி, தடுப்பவன் கையில். கை மேலே போகலாம். கால் ஓரடி முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

போன தீபாவளிக்கு ரெங்கம் போனபோது அவனைப் பார்த்தேன். இன்னமும் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு ஒன் காலுக்குக் கீழ என் கால்தாண்டா இருந்துச்சு."

முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினான். "தெரியும்டா. ஒன் சப்பாத்து மேலதானே எறங்குனேன்."

"அப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்கப்பா ஒன்னயும் வெளையாட விட்டிருப்பாரா?"