எலும்புச் சார்கோமாப் பதிவேடு

எலும்பில் தோன்றும் அரிய புற்றுக்கட்டிகளைப் பற்றிய ஆவணங்களை ஓரிடத்தில் திரட்ட 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான தொகுப்பு. அதற்கு முந்தைய வரலாறு சுருக்கமானது. ஆஸ்ட்லி கூப்பரும் பெஞ்சமின் டிராவர்சும் 1818-இல் இத்தகைய கட்டிகளை விவரித்தனர். 1895-இல் எக்ஸ்கதிர் கண்டறியப்பட்டது. ஓர் அறுவை மருத்துவர் தம் வாழ்நாளில் காணும் இத்தகைய நோயாளிகளோ மிகச் சிலர். ஆகவே ஒரே கட்டி பல பெயர்களில் வழங்கியது. கையையோ காலையோ துண்டிப்பதே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தது.

பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமரி காட்மன் (1869–1940), சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் பின்னாளில் என்ன ஆனார் என்பதை மருத்துவமனைகள் தொடர்ந்து பதிய வேண்டும் என்று போராடியவர். எலும்புச் சார்கோமா கண்ட ஒருவரின் குடும்பத்தார், இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் உண்டா என்று கேட்டதே பதிவேட்டுக்குத் தூண்டுதல் என்பர். நியூயார்க்கின் ஜேம்ஸ் யூவிங், பால்டிமோரின் ஜோசப் பிளட்குட் ஆகிய இருவரும் காட்மனுடன் சேர்ந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஆதரவளித்தது. நோய் வரலாறு, எக்ஸ்ரே படம், திசுவில்லை ஆகியவற்றோடு நோயாளியின் முடிவும் பதியப்பட்டது. கட்டிக்கு இட்ட பெயர் சரிதானா என்பதைக் காலமே சோதிக்க இடமளித்த இந்த நான்காவது ஆவணமே தொகுப்பின் உயிர்.

மருத்துவர்கள் விரும்பி அனுப்பியவை மட்டுமே சேர்ந்ததால் தொகுப்பு ஒருதலையானது என்பது நியாயமான மறுப்பு. பிழைத்தோர் விகிதத்தை அதிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் ஒரு கட்டியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய விகிதம் தேவையில்லை. அருகருகே வைத்துப் பார்க்கப் போதிய மாதிரிகள் இருந்தால் போதும். இளையோருக்கு வருவதும் கதிர்வீச்சுக்குச் சுருங்குவதுமான ஒரு கட்டியை யூவிங் 1921-இல் தனித்துக் காட்டினார். அது இரத்தக்குழாயின் உட்படலத்தில் பிறப்பது என்ற அவர் கருத்து நிலைக்கவில்லை. அதன் மூல உயிரணு எது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இக்கட்டி தனி வகை என்பதை உறுதிசெய்தது மரபணுவியல்தான், பழைய படங்களும் வில்லைகளும் அல்ல என்றும் சிலர் வாதிடலாம். இக்கட்டியில் 11, 22 ஆகிய குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம்மாறுவது 1983-இல் வெளியானது மெய்யே. எனினும், ஏற்கெனவே தனிப் பெயரில் பிரித்து வைக்கப்பட்ட கட்டிகளில் தேடியதால்தான் அந்த ஒற்றுமை கண்ணுக்குப் பட்டது.

காட்மன் கணிப்பும் திருத்தத்துக்கு உள்ளானது. தோள் எலும்பு முனையில் வரும் ஒரு கட்டியை அவர் 1931-இல் இராட்சத உயிரணுக் கட்டியின் வகையாகக் கொண்டார். நோயியல் அறிஞர்களான ஜாஃபியும் லிக்டென்ஸ்டைனும் 1942-இல் அதைக் காண்ட்ரோபிளாஸ்டோமா எனப் பிரித்தனர். எலும்பின் மேலுறை உயர்ந்து எக்ஸ்ரேயில் தெரியும் ‘காட்மன் முக்கோணம்’ எலும்பில் சீழ்பிடித்தாலும் தோன்றலாம்; அதனால் திசுப் பரிசோதனை இன்றியமையாதது.

1970-களிலிருந்து மருந்துச் சிகிச்சை பரவியது. பல நோயாளிகளுக்கு உறுப்பைக் காக்கும் அறுவையும் இயல்வதாயிற்று.