வாக்கு வேண்டாம் என்ற வீடு
தலைவர்களின் துணைவியர் – 6

1912 செப்டெம்பரில் இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய அந்தப் பெண்மணி யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். நம்பச் சிரமம்தான். அவர் லண்டன் நாடக நடிகை. பெயர் புளோரன்ஸ் ஃபார்.

பெர்னாட் ஷாவின் முதல் நாடகம் 1892இல் மேடையேறியபோது அதில் கதாநாயகி அவர்தான். கவிஞர் யேட்ஸின் பாக்களை நரம்புக் கருவி ஒன்றை மீட்டியபடி அரங்கங்களில் ஓதிக்காட்டியவரும் அவரே. 1910இல் இக்காலப் பெண்ணின் நோக்கங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு ஆண்டுகளில், கைவசமிருந்த பொருள்களை விற்றுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் மருதனார்மடத்துக்கு வந்து சேர்ந்தார். சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட புதிய கல்லூரிக்கு அதிபராக!

அழைத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். பல ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஃபாரைச் சந்தித்துத் தம் கல்லூரிக் கனவைச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் இந்த வாரம் நமக்கு வேண்டியவர் இராமநாதன் அல்லர். ஃபாரும் அல்லர். இராமநாதனின் வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்னொரு வெள்ளைக்காரப் பெண்.

இலங்கைக்கு ஜனாதிபதி என்றொருவர் வந்ததே 1972இல்தான். அதற்கு முன் ஒரு தலைவரின் மனைவி சமூகத்தில் என்ன செய்தார் என்று தேடினால் 1911இலிருந்து தொடங்கவேண்டும். அந்த ஆண்டுத் தேர்தலில், ‘படித்த இலங்கையர்’ அனைவருக்கும் சட்ட நிரூபண சபையில் இருந்த ஒரேயொரு ஆசனத்தை வென்றவர் இராமநாதன். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்த முதல் பிரதிநிதி. அவருடைய மனைவிதான் நாம் தேடுபவர்.

அவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஹரிசன். 1905–06இல் இராமநாதன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் செய்தபோது செயலாளராக உடன் போனார். அந்தப் பயணத்தைப் பற்றி 1907இல் தம் பெயரிலேயே ஒரு நூலும் வெளியிட்டார். சிஷ்யையாக வந்தவர் மனைவியானார். சைவரானார், லீலாவதி ஆனார். 1921இல் கணவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்த பிறகு ஊருக்கு அவர் ‘லேடி இராமநாதன்’.

இந்தக் கல்லூரி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு முந்தைய அத்தியாயங்களைப் புரட்டினால் போதும். மருதனார்மடத்துக்குப் பக்கத்திலேயே உடுவில். அங்கே 1824இல் மிஷனரியின் மனைவி ஹரியட் வின்ஸ்லோ பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியதைப் பார்த்தோம். 1834இல் வேம்படி, 1896இல் சுண்டிக்குளி. யாழ்ப்பாணத்துப் பெண் படிக்கவேண்டுமானால் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துப் படிதான் ஏறவேண்டும். படிப்பும் வேண்டும், மதமும் மாறக்கூடாது என்று தவித்த சைவக் குடும்பங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டன. ஆண்பிள்ளைகளுக்கு ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் அமைத்திருந்தார். பெண்பிள்ளைகளுக்கான கல்லூரி வர மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள்! நம்மவர்கள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். தாழ்த்தத் தேவையில்லை, நடந்தது அதுதான்.

1913 ஜனவரி 20ஆம் திகதி இராமநாதன் கல்லூரி திறந்தது. விடுதியோடு கூடிய கல்லூரி. மகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தகப்பன்மார் சைவச் சூழல் என்றதும் துணிந்தார்கள். நாடகத்தையும், தாம் சேர்ந்திருந்த ஒரு மாந்திரீகச் சங்கத்தையும் கடந்து வந்த ஃபார், ஊர் வழக்கங்களை மதித்து நடந்தார். அதனால்தான் கல்லூரி நிலைத்தது. ஆனால் 1916 முடிவில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. அந்தத் தழும்பைக்கூடப் படமாக வரைந்து யேட்ஸுக்குக் கடிதம் எழுதிய மனுஷி அவர். 1917 ஏப்ரல் 29ஆம் திகதி கொழும்பில் காலமானார். இந்து முறைப்படி தகனம் நடந்தது. சாம்பலைக் களனி கங்கையில் கரைத்தவர் இராமநாதன்.

அந்த இழப்புக்குப் பிறகும் லீலாவதி மருதனார்மடத்தைக் கைவிடவில்லை. கணவருக்கு அரசியல், கோயில், 1921இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் திறந்த பரமேஸ்வராக் கல்லூரி என்று ஆயிரம் வேலை. பெண்கள் கல்லூரியைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் லீலாவதி.

இனித்தான் கதை திரும்புகிறது. 1927 நவம்பர். அந்த ஒரே மாதத்தில் இலங்கைக்கு இரண்டு வருகைகள்.

ஒன்று, டொனமூர் ஆணைக்குழு. புதிய அரசியலமைப்புக்கு யோசனை சொல்ல 13ஆம் திகதி வந்திறங்கியது. மற்றது, கதர் நிதி திரட்ட வந்த காந்தி. மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் வந்தவர், உடுவிலுக்கும் போனார், இராமநாதன் கல்லூரிக்கும் போனார். மாணவியர் திரட்டிய பணமுடிப்பை வாங்கிக்கொண்டு அவர் பேசியது வெறும் வாழ்த்தல்ல. பள்ளிக்கூடம் விட்டதும் பெண்கள் பொது வாழ்விலிருந்து காணாமல் போய்விடுகிறார்களே என்ற தம் குறையைச் சொன்னார், அப்படிப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவியின் கல்லூரியில் இந்தப் பேச்சு.

கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சொத்தில்லாதவருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளாகப் பெண்களைப் படிக்கவைத்த அதே மனிதர்! லீலாவதியின் தாய்நாடான அவுஸ்திரேலியாவில் வெள்ளைக்காரப் பெண்கள் 1902இலேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. அதை நடத்தியவர்களும் பெரும்பாலும் தலைவர்களின் மனைவிமார்தான். மகா முதலியார் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கவின் மனைவி டெய்சி முன்னின்றார். கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னெஸ் செயலாளர். யாழ்ப்பாணத்து மருமகளாகிய கனடிய வைத்தியர் மேரி ரத்னமும் அவர்களோடு இருந்தார். ஆணைக்குழுவின் முன் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். தயக்கமே இல்லாமல், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அக்னெஸ். கேட்கப் போனதென்னவோ வரையறுத்த வாக்குரிமைதான். ஒரு கேள்வியில் கோரிக்கை பெரிதாகிவிட்டது.

லேடி இராமநாதனை இந்த வரிசையில் சேர்த்து வாக்குரிமைப் போராளியாக்கப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் சேர்த்த பெண்கள் நல்ல சைவக் குடும்பத்து இல்லத்தரசிகளாக வேண்டும் என்பதுதான் கல்லூரியின் எண்ணம். ஆனால் எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் கற்ற பெண், வீட்டுக்குள் மட்டும் இரு என்று சொன்னால் இருப்பாளா? படித்தவர்களில் பலர் ஆசிரியைகளாகப் போனார்கள். டெய்சியும் அக்னெஸும் மேடையேறிக் கேட்டார்கள். லீலாவதி கேட்கவில்லை, கேட்கக்கூடிய பெண்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் பெண் நிருபர்களுக்கு மட்டுமே அனுமதி என்று செய்தியாளர் கூட்டம் நடத்தி உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது 1933இல். மருதனார்மடத்தில் அப்போது கல்லூரிக்கு வயது இருபது.

டொனமூர் அறிக்கை 1928இல் வெளியானது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கு என்றது அறிக்கை. பிறகு அந்த வயது இருபத்தொன்றாகக் குறைந்தது. எழுபத்தொன்பது வயது இராமநாதன் விடவில்லை. 1930இல் மகஜரோடு லண்டனுக்கே போய் எதிர்த்துப் பார்த்தார். பலிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி காலமானார். கணவர் எதிர்த்த அரசியலமைப்பு வாசலில் நிற்க, கல்லூரிப் பொறுப்பு முழுவதும் லீலாவதியின் தோளில் விழுந்தது.

1931இல் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறலாம். புதிய அரசாங்க சபைக்கான முதல் தேர்தலுக்கு நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள், மே 4. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கத்து நான்கு தொகுதிகளிலும் அதிகாரிகள் காத்திருந்தார்கள்.

ஒருவரும் வரவில்லை!

சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. இராமநாதன் தடுக்கப் பார்த்துத் தோற்றுப்போன வாக்கை, அவருக்கு நேர்மாறான கொள்கைக்கார இளைஞர்கள் தடுத்துவிட்டார்கள். கொழும்பில் பெண்கள் வரிசையில் நின்று வாக்களிக்க, இங்கே வாக்குரிமை கடதாசியில்தான் இருந்தது.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. 1934இல் பகிஷ்கரிப்பு முடிந்து, நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் வந்தது. காங்கேசன்துறைத் தொகுதிக்குக் களமிறங்கியவர் தஞ்சாவூரில் பிறந்தவர், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், பெயர் சு. நடேசபிள்ளை. இராமநாதனின் மகள் சிவகாமசுந்தரியின் கணவர்!

பெண்களுக்கு வாக்கு ஏன் என்று லண்டன் வரை போய் வாதாடியவரின் மருமகன், அந்தத் தொகுதிப் பெண்களிடமும் வாக்குக் கேட்டுப் போகவேண்டும். அவர் என்ன சொல்லிக் கேட்டார்? அதற்குள் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பெண், நேசம் சரவணமுத்து, 1932லேயே அரசாங்க சபைக்குள் நுழைந்துவிட்டாரே, கணவர் இழந்த அதே ஆசனத்தில்? அது எப்படி நடந்தது?

(அடுத்த வாரம்: பறிபோன ஆசனம், பிடித்த மனைவி)